பிளானை நம்பிப் புல் வாங்காதே

தம்பி,

நாலந்தாவில் தோட்ட வேலை ஒன்று கிடைத்ததாக எழுதியிருந்தாய். சந்தோஷம். "காணி 10 பேர்ச், பாதியில் வீடு, மிச்சத்துக்குப் புல் சொல்லிவிடட்டுமா?" என்று கேட்கிறாய். பொறு.

ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. அதில் பிழையில்லை. ஆனால் உறுதியோடு இருக்கும் பிளான், நிலத்தை மட்டமாக எண்ணி வரைந்தது. நில அளவையாளர் சரிவைக் கழித்துவிட்டுத்தான் தூரத்தை எழுதுவார். புல்லோ சரிவின்மேல் படுக்கிறது. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் அந்த வீதியோரத்தில் மேடுபள்ளமில்லாத வளவு எங்கே இருக்கிறது? பிளானில் 24 அடி காட்டும் இடம் 7 அடி இறங்கினால், நிலத்தோடு வைத்த டேப் 25 அடி காட்டும். அகலம் 30 அடி என்றால், 720 சதுர அடி என்று நினைத்தது 750 ஆகிவிடும். ஆகையால் டேப்பைத் தரையில் ஒட்டிப் பிடி. அந்தரத்தில் இழுத்தால் பிளானின் கணக்கேதான் திரும்ப வரும்.

வளவை நீள்சதுரங்களாகவும் முக்கோணங்களாகவும் பிரித்து ஒரு தாளில் வரைந்துகொள். மூலைமட்டத்தைக் கண்ணால் தீர்மானிக்காதே. 3, 4, 5 அடிக் கயிறு பொய் சொல்லாது. வளைந்த ஓரத்துக்கு நேராக ஒரு கயிறு கட்டி, 3 அடிக்கு ஓரிடமாக அகலத்தை அளந்து, சராசரியை நீளத்தால் பெருக்கு.

பிறகு கழிக்க வேண்டியதைக் கழி. தென்னையைச் சுற்றி 2 அடி விட்டால் மரத்துக்குப் பன்னிரண்டரை சதுர அடி; எட்டு மரத்துக்கு 100. பலாவின் அடர்ந்த நிழலில், வீட்டுக்காரர் ஆசைப்பட்டாலும், புல் பதிக்காதே. மெலிந்து போகும், பழி உன்மேல் விழும்.

வெட்டுச் சேதத்துக்கு நேர் ஓரமென்றால் நூற்றுக்கு 5, வளைவென்றால் 10 கூட்டு. அதற்குமேல் "இருக்கட்டும்" என்று வாங்குவது அடுத்தவர் காசில் காட்டும் தாராளம். மிஞ்சிய புல் பத்தைகளை அடுக்கி வைத்தால் உள்ளே சூடேறி மஞ்சளாகிவிடும். குறைந்தாலும் தொல்லைதான்: இரண்டாவது லொறியில் வருவது நிறத்திலோ தடிப்பிலோ ஒத்துப்போகாது.

அங்கே போகிறபோது நாலந்தா கெடிகேயையும் பார்த்துவிடு. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதபடி கல் கல்லாகக் கழற்றி, 1980இல் மேட்டில் திரும்ப எழுப்பிய கோயில் அது. அங்கே ஒவ்வொரு கல்லுக்கும் ஓரிடம்தான். நமக்கு அந்தக் கண்டிப்பில்லை, கத்தி இருக்கிறது. அதனாலேயே நம் தொழிலில் அசட்டை பெருகிவிட்டது.

அளவை இப்போதே எடுத்து வை. புல்லை ஒக்டோபர் மழை இறங்கிய பிறகு சொல். அதற்கு முன் அந்தத் தாளை எனக்கு அனுப்பு. சரிவு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டு அனுப்பு.