பழைய மோட்டார் காரில் வானொலி இரைச்சல்: காரணமும் பரிகாரமும்

மாணவர்களே, மின்காந்தத் தூண்டல், கொள்ளளவி, மின்காந்த அலைகள் ஆகியவற்றை நீங்கள் தனித்தனிப் பாடங்களாகக் கற்றிருப்பீர்கள். பழைய காரொன்றின் வானொலியில் எழும் இரைச்சலை விளக்குவதற்கு இம்மூன்றும் ஒருங்கே தேவைப்படுகின்றன. இத்தகைய வினாவுக்குப் பலர் "கொள்ளளவி ஒன்றை இணைக்க வேண்டும்" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். எங்கே இணைக்க வேண்டும், ஏன் இணைக்க வேண்டும் என்பனவே விடையின் முக்கிய பகுதிகளாகும். உண்மையான காரிலும் அவ்வாறே. இடம் தவறினால் பணம் வீணாகும், இரைச்சல் நீங்காது, எஞ்சினும் நின்றுவிடக் கூடும்.

1. இரைச்சல் தோன்றும் விதம்

1948 முதல் 1971 வரை உற்பத்தி செய்யப்பட்ட மொரிஸ் மைனர் காரை உதாரணமாகக் கொள்வோம். இதன் பற்றரி 12 வோல்ற்று மட்டுமே. ஆனால் பிளக்கின் இடைவெளியில் தீப்பொறி பாய்வதற்குப் பல ஆயிரம் வோல்ற்று தேவை.

'பொயின்ற்' எனப்படும் ஆளி மூடியிருக்கும்போது தூண்டற் சுருளின் (கொயிலின்) முதற் சுருளினூடாக மின்னோட்டம் பாய்ந்து காந்தப் புலம் உண்டாகும். பொயின்ற் திறந்ததும் அப்புலம் சடுதியாக அழியும். இதனால் அதிக முறுக்குகளைக் கொண்ட துணைச் சுருளில் உயர் மின்னியக்க விசை தூண்டப்பட்டு, பிளக்கில் தீப்பொறி பாயும்.

ஹேர்ட்ஸ் என்னும் விஞ்ஞானி 1887, 1888 ஆம் ஆண்டுகளில் வானொலி அலைகளைத் தோற்றுவித்துக் காட்டியதும் தீப்பொறியைக் கொண்டே என்பதை நினைவிற் கொள்க. எனவே ஒவ்வொரு பிளக்கும் ஒரு சிறிய அலைபரப்பி ஆகும். பிளக் வயர் அதன் அன்ரனாவாகத் தொழிற்படும்.

இரண்டாவது மூலம் பற்றரியை மின்னேற்றும் தைனமோ ஆகும். அதன் தூரிகைகள் தேயும்போது அங்கும் சிறு பொறிகள் உண்டாகும். பிற்காலக் கார்களில் தைனமோவுக்குப் பதிலாக ஆடலோட்ட மின்பிறப்பாக்கி உண்டு. அதன் ஆடலோட்டத்தை இருவாயிகள் நேரோட்டமாக்கினாலும் சிறிய ஏற்றவிறக்கம் எஞ்சியிருக்கும். இது மின்வழங்கல் வயர் வழியாக வானொலியை அடையும்.

2. ஒலியைக் கொண்டு மூலத்தை அறிதல்

(அ) எஞ்சின் வேகத்துடன் விரைவாகும் 'டிக் டிக்' ஒலி: தீப்பொறி.
(ஆ) எஞ்சின் வேகத்துடன் சுருதி உயரும் விசில் போன்ற ஒலி: தைனமோ அல்லது ஆடலோட்ட மின்பிறப்பாக்கி.
(இ) வைப்பர் இயங்கும்போது மட்டும் எழும் இரைச்சல்: வைப்பர் மோட்டார்.
(ஈ) கைத்தொலைபேசிச் சார்ஜரைச் செருகியதும் எழும் இரைச்சல்: சார்ஜரினுள் உள்ள விரைவாக மூடித் திறக்கும் மின்சுற்று.

கணிப்பு: நான்கு சிலிண்டர், நான்கடிப்பு எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு 2 தீப்பொறிகள் உண்டாகும். நிமிடத்துக்கு 600 சுழற்சிகள் எனின், ஒரு செக்கனுக்கு 600 × 2 ÷ 60 = 20 தீப்பொறிகள். 3000 சுழற்சிகள் எனின், 100 தீப்பொறிகள். மெதுவாக ஓடும்போது தனித்தனி 'டிக்' ஆகவும், வேகமாக ஓடும்போது தொடர்ச்சியான இரைச்சலாகவும் கேட்பதற்குக் காரணம் இதுவே.

3. வரும் பாதையை அறிதல்

எதையும் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய சோதனை இது. எஞ்சினை இயக்கிவிட்டு, வானொலியின் பின்புறத்திலுள்ள அன்ரனா வயரைக் கழற்றுக.

இரைச்சல் நின்றால், அது அலையாக அன்ரனா வழியே வந்துள்ளது. இரைச்சல் தொடர்ந்தால், அது பெரும்பாலும் மின்வழங்கல் வயர் வழியே வந்துள்ளது. கசெற் அல்லது சீடி ஒலிக்கும்போதும் இரைச்சல் கேட்பின் இம்முடிவு மேலும் உறுதியாகும்.

4. பரிகாரம்

எச்சரிக்கை: வேலை தொடங்குமுன் எஞ்சினை நிறுத்தி, பற்றரியின் உடலுடன் இணைந்த முடிவிட வயரைக் கழற்றுக. இயங்கும் எஞ்சினின் பிளக் வயரைத் தொடுதல் ஆபத்தானது.

அன்ரனா வழி வரும் இரைச்சலுக்கு:
• தடை கொண்ட பிளக்குகளை அல்லது காபன் இழையுள்ள பிளக் வயர்களைப் பொருத்துக. தடை காரணமாகத் தீப்பொறி மின்னோட்டத்தின் சடுதியான மாற்றம் குறையும்; அலையும் நலிவடையும்.
• அன்ரனா அடிப்பாகத்தின் கீழுள்ள துருவையும் வர்ணப்பூச்சையும் சுரண்டி, உலோகத்துடன் நன்கு தொடுகையுறச் செய்க. செலவற்ற இவ்வேலையை முதலிற் செய்க.

வயர் வழி வரும் இரைச்சலுக்கு:
• வானொலியின் உடலிணைப்பு வயரைச் சுத்தமான உலோகப் பகுதியில் இறுக்குக.
• தைனமோவின் பெரிய வெளியீட்டு முடிவிடத்துக்கும் காரின் உடலுக்கும் இடையில் ஏறத்தாழ 1 மைக்குரோபரட் கொள்ளளவியை இணைக்குக. புலச்சுருளின் சிறிய முடிவிடத்தில் இணைக்கலாகாது. கொள்ளளவி உறுதியான நேரோட்டத்தைத் தடுக்கும். விரைவாக மாறும் இரைச்சல் மின்னோட்டத்தை உடலுக்குச் செல்லவிடும்.
• வானொலிக்குச் செல்லும் வயருடன் தொடராகத் தூண்டிச் சுருள் ஒன்றைப் பொருத்துக. மின்னோட்டம் சடுதியாக மாறுவதை அது எதிர்க்கும்.

கவனிக்க: மொரிஸ் மைனரின் தொழிற்சாலை அமைப்பில் பற்றரியின் நேர் முடிவிடமே காரின் உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. இக்கால வானொலிகளில் மறை முடிவிடமே உடலுடன் இணைக்கப்படும். இதனைச் சோதிக்காது புதிய வானொலியைப் பொருத்தினால் அது பழுதடையும்.

மேலும், வழமைக்கு மாறாகத் திடீரென எழும் இரைச்சல், வெடித்த பிளக் வயர், தேய்ந்த தூரிகை, பழுதடைந்த இருவாயி என்பவற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். அவ்வேளையில் இரைச்சலை மறைக்காது பழுதைத் திருத்துக.

5. மாதிரி வினாக்கள்

(1) ஏ.எம். ஒலிபரப்பைத் தீப்பொறி இரைச்சல் அதிகம் பாதிப்பது ஏன்?
விடை: ஏ.எம். முறையில் தகவல் அலையின் வீச்சத்தில் உள்ளது. தீப்பொறி அலைகள் சேர்ந்து அவ்வீச்சத்தை மாற்றுகின்றன. எஃப்.எம். முறையில் தகவல் மீடிறனில் உள்ளது; வீச்ச மாற்றங்களை வானொலி பெருமளவு நீக்கிவிடும்.

(2) ஒருவர் இரைச்சலை நீக்க, தூண்டற் சுருளின் பொயின்ற் பக்க முடிவிடத்தில் மேலதிக 1 மைக்குரோபரட் கொள்ளளவியை இணைத்தார். எஞ்சின் சரிவர இயங்கவில்லை. காரணம் யாது? சரியான இடம் எது?
விடை: பொயின்ற் திறக்கும்போது மேலதிக கொள்ளளவி மின்னேறுவதால் முதற் சுருளின் மின்னோட்டம் மெதுவாகவே குறையும். காந்தப் பாயம் மாறும் வீதம் குறைவதால் தூண்டப்படும் மின்னியக்க விசையும் குறைந்து, தீப்பொறி நலிவடையும். சரியான இடம், தூண்டற் சுருளுக்குப் பற்றரியிலிருந்து மின் வரும் முடிவிடத்துக்கும் காரின் உடலுக்கும் இடையிலாகும்.

(3) அன்ரனாவைக் கழற்றிய பின்னரும் விசில் ஒலி தொடர்கிறது. புதிய பிளக் வயர்களை வாங்குவது பயன் தருமா? காரணம் கூறுக.
விடையை 2 ஆம், 3 ஆம் பகுதிகளின் துணையுடன் நீங்களே எழுதுக. மூலம், பாதை, பரிகாரம் என்னும் ஒழுங்கில் எழுதினால் எப்படியும் விடுபடாது.