பெடல் உள்ளே போச்சுங்களா, கல்லாட்டம் நின்னுச்சுங்களா?

நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. மூன்று செட் பிரேக் பேடுக்குப் பணம் அழுத பிறகுதான் அவரிடம் போனேன். முதலிலேயே போயிருந்தால் ஒரு ஜோடி டிஸ்க்காவது மிஞ்சியிருக்கும்.

எனக்குக் கொல்லிமலையில் கொஞ்சம் மிளகும் காப்பியும் உண்டு. தோட்டத்திலிருந்து தார் ரோட்டைத் தொட மூன்று கிலோமீட்டர் செம்மண் தடம். அதன் பிறகு அடிவாரத்துக் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவு. வண்டி பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மூட்டை ஏற்றினால் மொத்தம் இரண்டரை டன் வரும். இந்த எடை ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் எவ்வளவு சூடு பிறக்கும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 80 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு. அதில் ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பங்கு, உள்ளங்கைக்குள் அடங்குகிற நாலு முன்பக்கப் பேடுகளின் தலையில்தான் விழும்.

முதல் செட் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது. “இதுதாங்க நல்லா ஓடுது” என்றார். விலையும் மலிவு. பதினெட்டு மூட்டை மிளகோடு இறங்கிய ஒரு மத்தியானம், பாதி மலையில் கருகல் நாற்றம் வந்தது. பெடலை மிதித்தால் கல் மாதிரி நிற்கிறது. வண்டி மட்டும் நிற்கவில்லை. இரண்டாம் கியரிலிருந்து ஒன்றுக்கு இழுத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, மலைப்பக்க வாய்க்காலில் ஒரு சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். கூட வந்த பையன் நல்ல மனதோடு, புகைகிற சக்கரத்தில் குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டான். சுர்ரென்றது. டிஸ்க் அன்றைக்கே கோணிப்போனது. அதற்கப்புறம் பிரேக் தொட்டாலே ஸ்டீயரிங் கையில் உதறும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை அந்தப் பாட்டிலின் விலை போல நூறு மடங்கு கொடுத்துக் கற்றேன்.

கழற்றிப் பார்த்தபோது பேடின் முகம் கண்ணாடி போல மின்னியது. உள்ளே இருக்கிற பசை சூட்டில் வெந்து மேலே வழிந்து இறுகினால் இப்படித்தான் ஆகும்.

இரண்டாவது செட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். சேற்றுப் பந்தயங்களுக்குப் போகிற நண்பர் ஒருவர் பந்தயக் கார் வகைப் பேடு போடச் சொன்னார். விலை மூன்று மடங்கு. மார்கழிப் பனியில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் முதல் ஐந்தாறு வளைவில் அது பிடிக்கவே பிடிக்காது. அந்த ஜாதிக்கு நன்றாகச் சூடேறினால்தான் பிடிப்பு வரும். செம்மண் தடத்தில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் உருள்கிற வண்டிக்கு அந்தச் சூடு எங்கே கிடைக்கும்? பிடிக்க ஆரம்பித்த பிறகோ டிஸ்க்கைத் தின்றது. நாலு மாதத்தில் கழற்றினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் படித்தேன். பேடின் விளிம்பில் நீளமாக ஓர் எண் வரிசை அச்சிட்டிருப்பார்கள். அதில் இரண்டு ஆங்கில எழுத்து சேர்ந்து வரும்: ஈ-ஈ, எஃப்-எஃப், ஜி-ஜி என்று. முதல் எழுத்து மிதமான சூட்டில் உள்ள பிடிப்பு, இரண்டாவது கடும் சூட்டில். ஈ என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. எஃப்-ஈ என்று இருந்தால் சூடேறச் சூடேறக் கைவிடும் என்று அர்த்தம். மலைக்காரன் பார்க்க வேண்டியது இரண்டாவது எழுத்தைத்தான். பழைய முதல் செட்டைத் துடைத்துப் பார்த்தேன், எழுத்தே இல்லை. இந்த எழுத்துகள் ஆயுளைச் சொல்லாது, சத்தத்தைச் சொல்லாது. சோதனையின் உச்ச சூடே 340 டிகிரி சுற்றில்தான். அதற்கு மேலே போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லாது. ஆனாலும் எழுத்தில்லாத பேடை இப்போது நான் கையில்கூட எடுப்பதில்லை.

செராமிக் பற்றியும் கடையில் சொல்வார்கள். சத்தம் குறைவு, சக்கரத்தில் கரித்தூள் படியாது. டவுனுக்குள் ஓடுகிற காருக்கு அழகு. சேறும் சுமையுமாகத் திரிகிற வண்டிக்கு, இரும்பும் செம்பும் கலந்த செமி மெட்டாலிக்தான் என் கட்சி. கீச்சிடும், டிஸ்க்கையும் கொஞ்சம் தேய்க்கும். தேயட்டும்.

  

மூன்றாவது செட் எஃப்-எஃப் முத்திரையுள்ள செமி மெட்டாலிக். சரியான பேடு. அதைப் போட்டுக்கொண்டு போன இரண்டாவது சுமையில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டது. பம்ப் அடித்து அடித்து நிறுத்தினேன். அரை மணி ஆற விட்டதும் பெடல் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்துவிட்டது! அப்போதுதான் பெரியவரிடம் போனேன். நான் பேடைத் திட்ட வாயெடுத்ததும் அவர் கேட்டதுதான் தலைப்பில் இருக்கிற கேள்வி.

“கல்லாட்டம் நின்னும் பிடிக்கலைன்னா பேடு வெந்துருச்சுங்க. உள்ளே போயிருச்சுன்னா ஆயில் கொதிச்சிருச்சு. ரெண்டும் வேற வேற சீக்குங்க. ஆயில் எப்ப மாத்துனீங்க, தம்பி?”

வண்டி வாங்கி ஆறு வருஷம். மாற்றியதே இல்லை.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 வரைக்கும் இறங்கலாம். டாட் 4 என்றால் 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. இதில் வேடிக்கை என்னவென்றால், நல்ல பேடு போட்டதாலும்தான் ஆயில் கொதித்தது. உலோகம் கலந்த பேடு சூட்டை முதுகு வழியாக, அதைப் பிடித்திருக்கிற, ஆயில் நிற்கிற காலிப்பருக்குள் கடத்தும். “சூடு எங்கயாச்சும் போய்த்தானுங்க ஆகணும். ஓட்டையான இடமாப் பார்த்துப் போகும்” என்றார் பெரியவர். டாட் 4 ஊற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தார். இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

அவர் அத்தோடு விடவில்லை. வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, “பின்னாடி பிரேக்கு வேலையே செய்யலைங்களே” என்றார். பாறையில் அடிபடாமல் இருக்க நான் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தி, பெரிய டயர் மாட்டியிருந்தேன். பின் ஆக்சிலையும் சேசிஸையும் இணைக்கிற ஒரு கம்பி உண்டு. சுமையில் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டுகிற வால்வு அதில் இருக்கிறது. வண்டியை உயர்த்தியதும், பதினெட்டு மூட்டை ஏறியும் அது காலி வண்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தது. பின் டிரம்முக்குள்ளோ செம்மண் அப்பி, ஷூவைத் தானாக நெருக்குகிற அட்ஜஸ்டர் இறுகிக் கிடந்தது. டயர் விட்டம் பத்து சதவீதம் கூடினால் அதே மிதிக்குக் கிடைக்கும் பிடிப்பு ஏறக்குறைய அவ்வளவு குறையும். இத்தனையையும் முன் பேடு ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறது.

கம்பியைச் சரி செய்து, டிரம்மைக் கழுவி, புது டிஸ்க்கோடு அதே எஃப்-எஃப் பேடையே புதிதாகப் போட்டோம். விடியற்காலையில் காளப்பநாயக்கன்பட்டி ரோட்டில் அறுபதிலிருந்து இருபதுக்குப் பத்துத் தடவை பிரேக் பிடித்து, எங்கேயும் முழுசாக நிறுத்தாமல் ஓட்டி ஆற விட்டேன். சூடான பேடோடு நின்று பெடலை அழுத்திக்கொண்டே இருந்தால் டிஸ்க்கில் அந்த இடத்தில் மட்டும் அச்சுப் படியும்.

ஓட்டுகிற விதமும் மாறியிருக்கிறது. செம்மண் தடத்தில் லோ கியர். தார் வந்ததும் ஃபோர் வீலை எடுத்துவிடுவேன். பிடிப்பான ரோட்டில் அதோடு கொண்டை ஊசி திரும்பினால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கும். ஏறின கியரிலேயே இறக்கம். பிரேக்கை உரசிக்கொண்டே வராமல், அழுத்திப் பிடித்து விட்டுவிடுகிறேன்.

காரவள்ளியில் இறங்கியதும் டீ சொல்லிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பார்ப்பேன், தொடாமல். போன வாரம் இடது முன் சக்கரம் மட்டும் வலதைவிட அனலாக இருந்தது. கழற்றினால் காலிப்பரின் ஸ்லைடு பின் ஒன்று சேற்றில் இறுகி, உள்பக்கப் பேடு வெளிப்பக்கத்தில் பாதிகூட இல்லை. பின்னைத் தேய்த்துச் சிலிகான் கிரீஸ் வைத்தாயிற்று. பேடு இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். திங்கட்கிழமை நாமக்கல் போகிறேன்.