சாலையின் நாடி

கோவில்பட்டியைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் நிலம். எட்டயபுரத்திற்குச் செல்லினும், கழுகுமலைக்குச் செல்லினும், கயத்தாற்றுக்குச் செல்லினும் இருமருங்கிலும் கருமண்ணே கண்ணுக்குத் தோன்றும். பங்குனி, சித்திரைத் திங்கள்களில் இந்நிலம் பாளம் பாளமாக வெடித்து வாய் பிளந்து கிடக்கும். ஐப்பசி மழை இறங்கியதும் அவ்வெடிப்புகள் தாமே மூடிக்கொள்ளும். மண் குழைந்து நடப்பவர் காலைப் பற்றிக்கொள்ளும். பெய்த நீரை எளிதில் விடாது பிடித்து வைத்திருப்பதனாலன்றோ பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் இம்மானாவாரி நிலத்தில் விளைகின்றன! ஆயினும், உழவருக்கு வரமாகிய அப்பண்பே இம்மண்மீது இடப்படும் சாலைக்குச் சோதனையாக முடிகின்றது.

கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லனைட் என்னும் களிமப் பொருள் மிகுந்துள்ளது. அஃது ஏடு ஏடாக அமைந்தது. நீர் ஏடுகளுக்கிடையே புகும்போது மண் பருத்து எழும்பும். நீர் வற்றும்போது சுருங்கி வெடிக்கும். சாலையின் நடுப்பகுதி தாரால் மூடப்பட்டிருத்தலின் அதன்கீழ் உள்ள ஈரம் பெரிதும் மாறுவதில்லை. ஓரங்களோ மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஆண்டுதோறும் ஏறி இறங்குகின்றன. நடு அசையாது நிற்க, ஓரம் அசைவதால் சாலையின் நீளவாக்கில் ஓரத்தையொட்டி விரிசல் தோன்றுகிறது. சாலையோரத்துப் பெருமரம் வேனிலில் ஈரத்தை உறிஞ்சுவதாலும் அருகிலுள்ள மண் சுருங்கும். இவ்வாறு தோன்றிய விரிசல் முதலில் நூலிழை போன்றே இருக்கும். மழைநீர் அதன் வழியே இறங்கி அடிமண்ணைக் குழைக்கும், அதன்மீது சுமையுந்து ஒன்று செல்லும், மேலிட்ட கல்லும் தாரும் அமிழும், குழி பிறக்கும்.

ஆகவே, சாலையைக் கெடுப்பது வண்டி மட்டுமன்று. வண்டிக்கு முன்னரே நீர் அதனைக் கெடுத்துவிடுகிறது. 1756ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்த மக்காடம் என்னும் சாலை வல்லுநர் இவ்வுண்மையை வற்புறுத்தினார். வண்டியின் சுமையை முடிவில் தாங்குவது அடியிலுள்ள மண்ணே என்றும், அம்மண்ணை ஈரமின்றிக் காத்தலே சாலை அமைப்போரின் முதற்கடமை என்றும் அவர் கருதினார். உடைகல்லை நெருக்கி இடும் அவரது முறை அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்கலாயிற்று. அவர் கூறியது எம்மண்ணுக்கும் பொருந்துவதே. ஆயினும் கரிசல் மண்ணுக்குப் பொருந்துமளவு வேறெதற்கும் பொருந்தாது.

நீருக்கு அஞ்சிக் கரையைக் காத்தல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. மழைக்காலம் வருமுன்னர்க் கண்மாய்க் கரையைச் சுற்றிவந்து நோக்குவர். எங்கே எலி வளை உள்ளது, எங்கே கரை தாழ்ந்துள்ளது, எந்த மடை கசிகிறது என்று கண்டு ஊரார் கூடிச் செப்பம் செய்வர். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். கரை உடைந்தபின் ஊர் முழுவதும் திரண்டாலும் பயனில்லை. உடையுமுன் ஒரு கூடை மண்ணே போதும். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டும்படி விடலாகாது என்னும் பழமொழி கண்மாய்க் கரைக்குப் பொருந்துவது போலவே தார்ச்சாலைக்கும் பொருந்தும்.

சாலைகள் நமக்கு வழிவழி வந்த செல்வங்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரால் தென்னாட்டில் மங்கம்மாள் சாலை என்று மக்கள் இன்றும் வழங்குவர். இக்காலத்தில் ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கோவில்பட்டியை ஒட்டிச் செல்கிறது. நெடுஞ்சாலையைப் பேண அதற்கெனத் துறையும் பொறியாளரும் உளர். நகரத் தெருவும் அதன் நடைபாதையுமே பெரும்பாலும் கவனிப்பாரற்றுப் போகின்றன. இவற்றின் நலத்தை எவ்வாறு ஆராய்ந்தறிவது என்பதைக் காண்போம்.

மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் மருந்து எழுதிவிடுவதில்லை. நாடி பார்ப்பார், நாவை நோக்குவார், எத்தனை நாளாயிற்று என வினவுவார். சாலையை ஆராய்வோரும் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். என்ன பழுது? எவ்வளவு கடுமை? எவ்வளவு பரப்பு? முதலைத் தோல் போலச் சிறு சிறு கட்டங்களாக வெடித்திருப்பின், அடித்தளம் சுமை தாங்காது களைத்தது என்பது பொருள். சக்கரம் ஓடும் தடம் நீளப் பள்ளமாக அமிழ்ந்திருப்பின், கீழ் அடுக்கு நெகிழ்ந்தது என்பது பொருள். ஓரம் உடைந்து உதிர்ந்திருப்பின், தோள்மண் கரைந்தது என்பது பொருள். மேற்பரப்பில் கற்கள் மட்டும் பெயர்ந்து சிதறுமாயின், தார் தன் பசையை இழந்தது என்பது பொருள். பழுது வேறுபடுதலின் மருந்தும் வேறுபடும். அடித்தளம் களைத்த சாலைக்கு மேலே மெல்லிய தார்ப்பூச்சு இடுதல், புரையோடிய புண்ணைத் துணியால் மூடுதல் போலாம்.

இம்மூன்று வினாக்களின் விடையை எண்ணாக மாற்றும் முறையும் உண்டு. அமெரிக்க இராணுவப் பொறியாளர்கள் 1970களில் வகுத்த முறையில், பழுதற்ற சாலைக்கு 100 மதிப்பெண் தரப்படும். ஒவ்வொரு பழுதின் வகை, கடுமை, பரப்பு ஆகியவற்றிற்கேற்ப மதிப்பெண் குறைக்கப்படும். தேர்வுத்தாளைத் திருத்துவது போன்ற செயலே இது. இதற்கு முன்னர், 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பெரியதொரு சாலைச் சோதனை நடைபெற்றது. அப்போது சிலரைச் சாலையில் செலுத்தி, அச்சாலை எத்தகையது என்பதற்குச் சுழி முதல் ஐந்து வரை மதிப்பெண் இடச்செய்தனர். கருவிகள் அளந்தவற்றையும் மனிதர் உணர்ந்தவற்றையும் ஒப்பிட்டு இலக்கணம் வகுத்தனர். சாலையைப் பயன்படுத்துவோனே அதன் முதல் நடுவன் என்னும் உண்மை இதனால் விளங்கும்.

கண்ணுக்குப் புலப்படாத தளர்ச்சியையும் அறிதல் வேண்டும். பெங்கல்மன் என்னும் பொறியாளர் 1950களில் அமைத்த நெடுங்கோல் ஒன்று அதற்கு உதவுகிறது. சுமை ஏற்றிய வண்டியின் பின்பக்க இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே அக்கோலின் நுனியை வைப்பர். வண்டி மெல்ல விலகியதும், அமிழ்ந்திருந்த தரை எவ்வளவு மேலெழுந்தது என்பதை மில்லிமீட்டரின் சிறு கூறுகளில் ஒரு முள் காட்டும். மிகுதியாக அமிழ்ந்து எழும் சாலை வலிவிழந்த சாலை. இவ்வளவை மழைக்காலம் முடிந்தவுடன் எடுத்தலே சிறப்பு. அப்பொழுதே அடிமண் மிகவும் தளர்ந்திருக்கும். கோடையில் இறுகிய கரிசலின்மேல் அளந்து, சாலை வலிவுடையது என மகிழ்தல் ஏமாற்றமாகவே முடியும்.

நம் நாட்டில் இவ்வாறு ஆராய்ந்த நற்சான்று ஒன்று உண்டு. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைச் சூடான கல்மேல் பூசித் தாருடன் கலக்கும் முறையைக் கண்டார். அவருக்கு 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அம்முறையில் 2002ஆம் ஆண்டு முதல் சென்னை, ஈரோடு, மதுரை ஆகிய இடங்களில் சாலைகள் இடப்பெற்றன. இட்டதோடு அமையாது, சில ஆண்டுகள் கழித்து அவற்றை அளந்தும் பார்த்தனர். மேடுபள்ளத்தை ஒரு கருவியால் அளந்தனர். பெங்கல்மன் கோலால் அமிழ்வை அளந்தனர். வழுக்கும் தன்மையையும் அளந்தனர். அதே காலத்தில் இட்ட வெறுந்தார்ச் சாலையோடு ஒப்பிட்டனர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008ஆம் ஆண்டு அதனை அறிக்கையாக வெளியிட்டது. புதுமுறை நன்று என்று வாயால் சொல்வது எளிது. அளந்து எழுதி வைப்பதே நம்பிக்கைக்குரியது.

இனி நடைபாதையைக் காண்போம். சாலை வண்டிக்குரியது, நடைபாதை மனிதருக்குரியது. இந்தியச் சாலைப் பேராயம் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைப்படி, தடையின்றி நடக்கத்தக்க அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருத்தல் வேண்டும். நடைபாதையின் விளிம்பு 150 மில்லிமீட்டர் உயரத்திற்கு மேற்படலாகாது. உயரம் மிகுந்தால் முதியவர் ஏறமாட்டார். ஏறாதவர் சாலையில் இறங்கி நடப்பர். நடைபாதையை அளப்போர் அதன் அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. மின்கம்பமும் கடைப்பலகையும் நிறுத்திய வண்டியும் போக, எஞ்சிய அகலத்தையே அளத்தல் வேண்டும். சக்கர நாற்காலியில் ஒருவரை அமர்த்தித் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளிச் செல்க. அவர் எத்தனை இடத்தில் நிற்க நேர்கிறதோ, அத்தனை பழுதுகள் அந்நடைபாதையில் உள்ளன. நடைபாதை பெறுதல் மக்களின் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு கூறியுள்ளது.

நான் ஆசிரியப் பணி புரிந்த ஓர் ஊரில், பள்ளிக்குச் செல்லும் தெருவின் வடிகாலை மூடிய கற்பலகைகளுள் ஒன்று பிளந்திருந்தது. பல திங்கள் அஃது அவ்வாறே கிடந்தது. நாங்கள் யாவரும் அதனை அறிவோம். ஒவ்வொரு நாளும் அதனை விலகியே நடந்தோம். அறிந்தோமேயன்றி எவரும் ஒரு வரி எழுதித் தரவில்லை. மழைக்கால மாலை ஒன்றில் எங்களோடு பணியாற்றிய முதிய ஆசிரியர் ஒருவர் அதில் கால் இடறி வீழ்ந்தார். தொடையெலும்பு முறிந்தது. அவர் மீண்டும் வகுப்பறைக்கு வரவில்லை. பின்னர் அக்கற்பலகை ஒரே நாளில் மாற்றப்பட்டது. ஒரு நாளில் முடியும் பணிக்காக ஓர் ஆசிரியரின் நடையை நாங்கள் விலையாகக் கொடுத்தோம். அத்தெருவை எண்ணுந்தோறும் என் நெஞ்சு என்னையே சுடுகின்றது.

ஆராய்ந்தபின் வரிசைப்படுத்தல் வேண்டும். ஒரு நகரில் மூன்று தெருக்கள் உள எனக் கொள்வோம். முதல் தெருவில் நூலிழை விரிசல் மட்டுமே உண்டு. இரண்டாம் தெருவில் ஓரம் உடைந்து ஆங்காங்கே குழிகள் உள்ளன. மூன்றாம் தெரு முற்றும் சிதைந்தது. கையிருப்பு முழுவதையும் மூன்றாம் தெருவிலேயே செலவிட்டால் என்னாகும்? அடுத்த மழையில் முதல் தெரு இரண்டாம் தெருவைப் போலாகும். இரண்டாம் தெரு மூன்றாம் தெருவைப் போலாகும். ஒன்றைத் திருத்தி இரண்டைக் கெடுத்தவராவோம். ஆதலின், மழைக்கு முன்னர் முதல் தெருவின் விரிசலைத் தாரால் அடைத்தல் வேண்டும். அதற்குச் சிறுதொகை போதும். இரண்டாம் தெருவின் வடிகாலைத் தூர்வாரி, குழியைச் சதுரமாக வெட்டி, ஈரமண்ணை அகற்றி, கல்லும் தாரும் இட்டு இறுக்குதல் வேண்டும்.

அவ்வாறாயின், மூன்றாம் தெருவினர் என்ன பிழை செய்தனர் என்று நீங்கள் வினவலாம். நல்ல வினா அது. அத்தெருவில் எளிய மக்கள் வாழலாம். மருத்துவமனைக்கு அதுவே வழியாகவும் இருக்கலாம். அவர்களைக் காத்திருக்கச் சொல்வோர் ஆபத்தான குழிகளை உடனே நிரப்புதல் வேண்டும். எந்த ஆண்டு எந்தத் திங்களில் பணி தொடங்கும் என்பதை எழுத்தில் தருதலும் வேண்டும். தொடங்கும்போது அடிமுதல் செய்தல் வேண்டும். கரிசலில் சுண்ணாம்பு கலந்து இறுக்கியோ, பருத்துச் சுருங்காத சரளை மண்ணை இடையே பரப்பியோ, வடிகாலோடு சேர்த்து அமைத்தல் வேண்டும். பழைய தாரின்மேல் புதுத்தாரை அடுக்கிக்கொண்டே சென்றால் வீட்டு வாயிற்படி தாழ்ந்து மழைநீர் உள்ளே புகும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதியது இடவேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு அறிவுறுத்தியதன் நோக்கம் இதுவே.

மாணவர்களே! சாலையை ஆராய்தல் பொறியாளர் ஒருவரின் கடன் மட்டுமன்று. கருவி அவரிடம் உண்டு; ஆனால் அத்தெருவில் நாள்தோறும் நடக்கும் கால் உங்களுடையது. புரட்டாசி பிறக்கும்போது உங்கள் தெருவை ஒருமுறை மெல்ல நடந்து நோக்குங்கள். மழை ஓய்ந்த மறுநாள் மீண்டும் நடந்து, நீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று பாருங்கள். கண்டதை இடமும் அளவும் நாளும் குறித்து எழுதி, உரிய அலுவலகத்தில் கொடுங்கள். கரிசல் உழவர் வெடிப்பைக் கண்டே நிலத்தின் தாகத்தை அறிவார். நீங்களும் விரிசலைக் கண்டு சாலையின் நோயை அறியக் கற்றுக்கொள்ளுங்கள். விலகி நடப்பவன் தன் காலை மட்டும் காத்துக்கொள்கிறான். எழுதித் தருபவன் பின்னால் வருவோர் அனைவரின் காலையும் காக்கின்றான்.

பயிற்சி

1. கரிசல் மண்ணில் அமைந்த சாலையின் ஓரத்தில் நீளவாக்கில் விரிசல் தோன்றுவது ஏன்?
2. சாலையை ஆராய்வோர் கேட்க வேண்டிய மூன்று வினாக்கள் யாவை?
3. பெங்கல்மன் கோலால் அளப்பதற்கு ஏற்ற காலம் எது? காரணம் கூறுக.
4. மூன்று தெருக்களுள் முற்றும் சிதைந்ததை மட்டும் திருத்துவதால் விளையும் தீங்கை விளக்குக.
5. உங்கள் பள்ளிக்கு வரும் வழியில் உள்ள நடைபாதையை நடந்து நோக்கி, கண்ட பழுதுகளை இடம், அளவு, நாள் குறித்து எழுதுக.