கடைசி இருநூறு மீட்டர்

மல்லாங்கிணறு

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணா பிறந்தநாளை ஒட்டி விருதுநகரில் நடந்த மாவட்ட மிதிவண்டிப் போட்டியில், 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான 15 கிலோமீட்டர் ஓட்டத்தில், தொடக்கம் முதல் ஏறத்தாழ முடிவுவரை நீயே முன்னால் போனாய் என்றும், உன் மட்கார்டை ஒட்டினாற்போல் வழியெல்லாம் தொற்றிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள், கோடு கண்ணுக்குத் தெரிந்த பிறகு உன்னைத் தாண்டிப் போய் முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் தட்டிச் சென்றார்கள் என்றும், மூன்றாம் பரிசை வாங்கிக்கொண்டு மனத்தாங்கலுடன் திருச்சுழிக்குத் திரும்பினாய் என்றும் எழுதியிருக்கிறாய். "பாடுபட்டது நான், பரிசு வாங்கியது அவர்கள், இது என்ன நியாயம் மாமா?" என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வி உனக்கு மட்டும் தோன்றியதன்று. ஐரோப்பாவில் நூற்றாண்டுக்கு மேலாகச் சைக்கிள் பந்தயம் நடத்துகிறவர்களும் பார்க்கிறவர்களும் இதையே கேட்டு விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகையால் உன்னைச் சமாதானப்படுத்துவதை விட்டு, விஷயத்தையே விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலை ஏறுகிறவனுக்குப் பூமியின் ஈர்ப்பு எதிரி. சமதரையில் போகிறவனுக்குக் காற்றே எதிரி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் தனியாக ஓட்டும்போது, அவர் கால்கள் கொடுக்கும் சக்தியில் மிகப் பெரும் பகுதி எதிரே நிற்கும் காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. டயரும் செயினும் தின்பது கொஞ்சம்தான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது, அதை வெல்லத் தேவைப்படும் சக்தியோ எட்டு மடங்காகிறது. ஆனால் முன்னே ஒருவர் காற்றைப் பிளந்துகொண்டு போக, அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் ஒட்டி வருகிறவருக்கு, அதே வேகத்தில் போவதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிரயாசை மிச்சப்படுகிறது. அன்று வழிநெடுக நீ கஷ்டப்பட்டுச் செலவழித்ததில் அந்த மூன்றில் ஒரு பங்கை அந்த இரண்டு பெண்களும் காலில் சேர்த்துவைத்துக்கொண்டு வந்தார்கள். இதில் களவும் இல்லை, கபடமும் இல்லை. பின்னால் ஒட்டி வருவதை, ஒவ்வொருவரும் தனித்தனியே ஓட்டும் தனிநேரப் பந்தயத்தில் மட்டுமே சட்டம் தடுக்கிறது. கூட்டமாக ஓட்டும் பந்தயத்தில் அதுதான் ஆட்டமே.

அடுத்தது தேகத்தின் சுபாவம். நம் தசைகளில் இரண்டு வகை நார்கள் உண்டு; ஒரு வகை மெதுவாகச் சுருங்கி மணிக்கணக்கில் களைக்காமல் உழைப்பது, மற்றொன்று சட்டென்று சுருங்கிப் பெரும் விசையைக் கொடுத்துவிட்டுச் சில விநாடிகளில் ஓய்ந்துபோவது. இரண்டாம் வகை நார்கள் மிகுதியாக வாய்க்கப் பெற்றவரே ஸ்பிரின்டர் என்று சொல்லப்படுகிற விரைவோட்டக்காரர். உலகத்தின் முதல்தரமான ஸ்பிரின்டர் ஒருவர், கோட்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து விநாடி நேரம் பாய்கையில், உச்சத்தில் 1,500 வாட் அளவுக்குச் சக்தியைப் பெடலில் இறக்குகிறார்; அது ஏறத்தாழ 2 குதிரைத் திறன். நம் தோட்டத்துக் கிணற்றில் ஓடுகிறதே 5 குதிரைத் திறன் மோட்டார், அதில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரு மனிதனின் இரண்டு தொடைகளிலிருந்து கிளம்புகிறது என்றால் யோசித்துப் பார். ஆனால் மோட்டார் மின்சாரம் இருக்கும்வரை ஓடும்; இவரோ இருநூறு மீட்டருக்குமேல் அந்த வேகத்தில் தாங்கமாட்டார். ஆகவே அந்த விநாடிகள் வரும்வரை தம் சக்தியைச் சிந்தாமல் சிதறாமல் காப்பாற்றிக்கொள்வதே அவர் வித்தையில் முக்கால் பங்கு.

இந்த வித்தையில் நம் காலத்தில் மிகப் பிரசித்தி பெற்றவர் மான் தீவில் பிறந்த மார்க் கேவண்டிஷ். பிரான்ஸ் தேசத்தைச் சுற்றி மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம். அப்படிப்பட்ட கட்டங்களில் 34 வென்று எடி மெர்க்ஸ் என்னும் பெல்ஜியத்துக்காரர் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தார். 2024 ஜூலை 3ஆம் தேதி, 39 வயதில், கேவண்டிஷ் 35ஆவது வெற்றியைப் பெற்று அவரைத் தாண்டினார். அதற்கு நான்கு நாள் முன்னால் அந்த மனிதர் இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஓட்டம் இத்தாலியில் பிளாரன்சிலிருந்து ரிமினிக்கு, மேடுகள் நிறைந்த பாதையில், நம் சித்திரை வெயிலுக்கு இணையான வெயிலில் நடந்தது. கேவண்டிஷ் சைக்கிளில் இருந்தபடியே வாந்தி எடுத்து, கூட்டத்துக்கு வெகு பின்னால் தள்ளாடிக்கொண்டு வர, அவருடைய அணித் தோழர்கள் தங்கள் சொந்த இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அவருடனே தங்கி, தண்ணீர் ஊற்றி, காற்றுக்கு மறைப்பாக முன்னே சென்று, விதித்த நேரம் கடப்பதற்குள் அவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தத் தோழர்கள் இல்லையேல் 35ஆவது வெற்றி இல்லை.

ஸ்பிரின்டர் தனியாள் அல்லர் என்பதை இங்கே கவனி. கடைசி சில கிலோமீட்டரில் அவருடைய அணியினர் வரிசையாக முன்னே நின்று, ஒருவர் முழு வேகத்தில் இழுத்து ஓய்ந்து விலக, அடுத்தவர் அதைவிட வேகமாக இழுத்து விலக, கடைசி ஆள் விலகியதும், எஞ்சிய இருநூறு மீட்டரில்தான் நாயகர் முதன்முதலாகக் காற்றில் முகம் காட்டுகிறார். கேவண்டிஷுக்கு அந்தக் கடைசி ஆளாக வெகுகாலம் இருந்தவர் ஆஸ்திரேலியரான மார்க் ரென்ஷா. 2009இல் பாரிஸ் நகரத்துச் சாம்ஸ் எலிசே வீதியில் அவர் கேவண்டிஷை எவ்வளவு வேகத்தில் கொண்டுபோய் விட்டார் என்றால், விலகிய பிறகும் அவரே இரண்டாவதாக வந்து சேர்ந்தார். பத்திரிகைகளில் படம் வந்தது கேவண்டிஷுக்கு. எனக்கென்னவோ அந்த நாளில் ரென்ஷாவின் ஓட்டமே உயர்ந்ததென்று படுகிறது.

சரி, இவ்வளவு கட்டங்களை வென்ற கேவண்டிஷ் டூர் டி பிரான்ஸை முழுமையாக ஒரு முறையாவது வென்றாரா என்றால், இல்லை. அந்தப் பந்தயத்தில் 21 நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யாருக்குக் குறைந்த நேரமோ அவருக்கே மஞ்சள் சட்டை. ஸ்பிரின்டர் எத்தனை நாள் முதலாவதாக வந்தாலும், உடன் வந்த கூட்டத்துக்கும் அவருக்கும் நேரத்தில் வித்தியாசம் அதிகம் விழுவதில்லை. ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளில் அவர் இழப்பதோ அரைமணி, ஒரு மணி. காரணம் எளிது. சமதரையில் பருத்த தொடை பலம். ஏற்றத்தில் அதுவே சுமை. ஜெர்மானியரான மார்செல் கிட்டல் 1.88 மீட்டர் உயரமும் 80 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் உள்ளவர், சமதரையில் அசகாயசூரர். இத்தாலிய மலையேற்றக்காரர் மார்கோ பந்தானியோ 57 கிலோ எடையுள்ள மெலிந்த மனிதர், 1998இல் இத்தாலி, பிரான்ஸ் இரண்டு பெரும் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்றவர். (பின்னாளில் ஊக்கமருந்துச் சந்தேகம் அவர் பெயரைச் சூழ்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.) நம் நீலகிரியிலே மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, 2008 முதல் நடந்துவரும் நீலகிரிச் சைக்கிள் சுற்றுப் பயணத்தில் அந்த ஏற்றமே பேர்பெற்றது. அங்கே கிட்டலையும் பந்தானியையும் ஒன்றாக விட்டிருந்தால் முதல் சில வளைவுகளிலேயே இருவரும் பிரிந்திருப்பார்கள்.

மலை நாட்களில் ஸ்பிரின்டர்களின் பாடு பரிதாபம். வென்றவர் எடுத்துக்கொண்ட நேரத்துக்கு மேல் குறிப்பிட்ட விகிதத்துக்குள் வந்து சேராதவர் பந்தயத்திலிருந்து நீக்கப்படுவார் என்பது விதி; ஆதலால் அவர்கள் எல்லோரும் பின்னால் ஒரே கூட்டமாகச் சேர்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டே ஏறுவார்கள். 2018இல் லா ரோசியேர் மலையில் முடிந்த கட்டத்தில் கேவண்டிஷ் ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கி வந்து வெளியேற்றப்பட்டார். அதே நாளில் கிட்டலும் வெளியேறினார். தோல்வி உறுதி என்று தெரிந்த பின்னும், நீக்கப்படுவோம் என்று அறிந்தும், கேவண்டிஷ் வண்டியில் ஏறிக்கொள்ளாமல் அந்த மலையை மிதித்தே ஏறி முடித்தார். இதற்கு நேர்மாறானவர் இத்தாலியின் மாரியோ சிப்போலினி. டூரில் 12 கட்டங்களை வென்ற அந்த ஒய்யாரப் புருஷர், மலை வந்தால் மூட்டை கட்டிவிடுவார், ஒரு முறைகூடப் பாரிஸ்வரை போய்ச் சேர்ந்ததில்லை. இருவரில் யாரை மெச்சுவது என்பதை உன் மனம் போல் முடிவு செய்துகொள். என் அபிப்பிராயம் உனக்குத் தெரிந்திருக்கும்.

ஸ்பிரின்டரும் மலையேற்றக்காரரும் தவிர, சிறு சிறு செங்குத்து மேடுகளில் பாய்கிறவர்கள், கல் பாவிய சாலைகளில் குலுங்கக் குலுங்க ஓட்டுகிறவர்கள், தமக்கென்று ஒன்றும் வேண்டாமல் தலைவருக்குத் தண்ணீர்ப் போத்தல் சுமக்கிறவர்கள் என்று இன்னும் பல ரகங்கள் உண்டு. அவர்களைப் பற்றிப் பிறகொரு சமயம் எழுதுகிறேன். உன் விஷயத்துக்கு வேண்டியவர் தனிநேரப் பந்தயக்காரர். ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே விடப்பட்டு, யாருடைய மறைப்பும் இன்றி, ஒரே சீரான வேகத்தில் காற்றை எதிர்த்துக் கடிகாரத்தோடு போராடும் ஓட்டம் அது. ஸ்பெயின் தேசத்து மிகேல் இந்துராயின் அதில் மன்னர். 1992இல் லக்சம்பர்க்கில் 65 கிலோமீட்டர் தனிநேர ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவரை மூன்று நிமிட வித்தியாசத்தில் வென்றார். அந்த ஒரு வலிமையைக் கொண்டே, மலைகளில் நஷ்டப்படாமல் சமாளித்து, 1991 முதல் 1995 வரை ஐந்து முறை தொடர்ந்து மஞ்சள் சட்டையை அணிந்தார். இத்தனைக்கும் அந்த ஐந்து வெற்றிகளிலும் கூட்டமாகப் பாயும் கடைசி இருநூறு மீட்டரில் அவர் வென்ற கட்டம் ஒன்றுகூட இல்லை.

ஸ்பிரின்டர்களையும் பந்தயம் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. கட்டங்களின் முடிவிலும் இடைவழிகளிலும் முந்துகிறவர்க்குப் புள்ளிகள் கொடுத்து, மிகுந்த புள்ளி பெற்றவருக்குப் பச்சைச் சட்டை அணிவிக்கும் வழக்கம் 1953இல் ஏற்பட்டது. 2024இல் அதை வென்றவர் எரித்திரியா என்னும் சின்னஞ்சிறு ஆப்பிரிக்க தேசத்தைச் சேர்ந்த பினியாம் கிர்மாய். டூரில் ஒரு கட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கரும் அவரே. நம் தேசத்துக்கும் இந்த வித்தை வசப்படாததன்று. 2019இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் அன் டெர் ஓடர் நகரில் நடந்த இளையோர் உலகப் போட்டியில், அந்தமான் நிகோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பனும், மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோரும் அணி ஸ்பிரின்ட் ஓட்டத்தில் தங்கம் வென்றார்கள். அது சாலையில் அன்று, வட்டத் தடத்தில் நடந்த பந்தயம். ஆனாலும் அவசியமானது அதே வெடிப்புச் சக்திதான்.

இனி நம் சீமைக்கு வருவோம். மல்லாங்கிணற்றிலிருந்து எந்தத் திக்கில் போனாலும் மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கரிசல் காடும், சீமைக்கருவேலமும், கண்மாய்க் கரை ஏறி இறங்கும் சிறு மேடும்தான். மாவட்டப் போட்டியிலோ கியர் வைத்த சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. எல்லோரும் சாதாரண இந்தியச் சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும். ஆக, சாலையும் வண்டியும் எல்லோருக்கும் சமமாக அமைந்துவிட்ட இடத்தில், கூட்டத்தைப் பிரிக்க ஏற்றம் இல்லாதபோது, பெரும்பாலும் கடைசி இருநூறு மீட்டரே தீர்ப்பு எழுதும். அந்தப் பெண்கள் இதை அறிந்து ஓட்டினார்கள். நீ அறியாமல் ஓட்டினாய். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் நம் சீமையில் மலை இல்லாவிட்டாலும் காற்று இருக்கிறது. ஆடியில் கிளம்பும் மேல்காற்று ஆவணியிலும் முற்றாக ஓய்வதில்லை. இங்கிருந்து விருதுநகரை நோக்கிப் போகையில் அது முகத்தில் அறைகிறது. காரியாபட்டியிலிருந்து தெற்கே அருப்புக்கோட்டைக்குப் போகிறவருக்கு வலது தோளில் வந்து மோதுகிறது. எதிர்காற்றில் முன்னே போகிறவர் ஏமாளி. பக்கக் காற்றில் கதை வேறு: அப்போது மறைப்பு நேர் பின்னால் கிடைக்காது, காற்று வரும் திசைக்கு மறுபக்கமாகச் சற்றே விலகிக் கிடைக்கும். முன்னே போகிறவர் காற்றடிக்காத ஓரத்தை ஒட்டிப் போனால், பின்னால் வருகிறவருக்கு ஒதுங்க இடம் இல்லாமல், அவரும் காற்றை முழுதாக வாங்கிக்கொள்ள வேண்டியதாகிறது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் மலையில்லாச் சமவெளிகளில் பெரிய பெரிய ஸ்பிரின்டர்களை உதறித் தள்ளியது இந்த ஒரு யுக்திதான். பதினைந்து கிலோமீட்டர் தனியாக ஒரே சீராக இழுக்கும் கால் உனக்கு இருக்கிறது என்று உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது. உன்னைப் போன்றவர் கூட்டத்தைக் கோட்டுவரை கூட்டிக்கொண்டு போகக் கூடாது, பக்கக் காற்று வீசும் இடம் பார்த்து வழியிலேயே உதறிவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 1991இல் சாம்ஸ் எலிசே வீதியில், தாஷ்கண்டைச் சேர்ந்த அப்துஜாபரோவ், பச்சைச் சட்டையோடு, தலையைக் கவிழ்த்துக்கொண்டு பெடலை மிதித்துப் பாய்ந்தவர், ஓரத்தில் இருந்த விளம்பரத் தட்டியின் காலில் மோதித் தூக்கி எறியப்பட்டார். காறை எலும்பு முறிந்து, சிறிது நேரம் கழித்துப் பிறர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்துதான் கோட்டைக் கடந்தார். பாயும்போது தலை நிமிர்ந்தே இருக்க வேண்டும். பிறர் சக்கரத்தை ஒட்டிப் போகையிலும் கண் அந்தச் சக்கரத்தின்மேல் பதியக் கூடாது. முன்னே போகிறவரின் தோளுக்கு அப்பால் சாலையைப் பார்க்க வேண்டும்.

நாற்கரச் சாலைக்குப் போகாதே, அங்கே லாரித் தொல்லை அதிகம். வைகறையில் உன் தோழிகள் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஊர்ச் சாலையிலேயே, ஆளுக்குச் சிறிது நேரம் முன்னே போய் விலகிப் பின்னே வந்து சேரும் முறையைப் பழகு; வாரத்தில் ஒரு நாள், ஒரு மைல்கல்லைக் கோடாக வைத்துக் கடைசி இருநூறு மீட்டரை முழு வேகத்தில் ஓட்டிப் பார். அதில் நீ தோழிகளை வெல்கிறாயா, தோற்கிறாயா என்பதை ஒளிக்காமல் எனக்கு எழுது. நீ எந்த ரகம் என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்று அக்கா சொன்னாள். முதலில் அதை மாற்று.

இப்படிக்கு,
அன்புள்ள மாமன்