மொரிஸ் மைனருக்கு வேறு காபரேட்டர்: முதல் தடவை மாற்றுபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிங்கா ஓயா வெள்ளம், கண்டிக்குப் பக்கத்து அக்குறணை டவுனுக்குள் ஏறி இறங்கினால், அடுத்த கிழமை கராஜ்களில் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "காபரேட்டர் பெய்த்து நானா, மாத்தத்தான் வேணும்." பாதி நேரம் அது உண்மையில்லை. மாற்றத்தான் வேண்டும் என்றாலும், கடைக்காரர் மேசையில் வைப்பது நம் எஞ்சினுக்கு ஏற்றதாக இருப்பது அபூர்வம். எங்கள் பக்கம் இன்னும் ஓடும் பழைய கார்களில் அடிக்கடி கண்ணில் படுவது மொரிஸ் மைனர் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். ஒஸ்டின், வொக்ஸ்வாகன் வைத்திருப்பவர்களுக்கும் வழி இதேதான், இலக்கங்கள் மட்டும் காருக்குக் கார் மாறும்.

முதலில்: குற்றவாளி அதுதானா?

காபரேட்டரைத் தொடுவதற்கு முன் மற்றவற்றைப் பாருங்கள். பொயின்ட் இடைவெளி 15 தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் 15), பிளக் 25 தவ், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டெப்பெட் 12 தவ். இந்த மூன்றையும் சரிசெய்தாலே பல கார்கள் திருந்திவிடும்.

அடுத்தது பெற்றோல். மிதவைக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து பாருங்கள். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் அடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், சேறும் படிந்திருக்கும். கிண்ணத்தைக் கழுவுவது மட்டும் போதாது, டாங்கியையும் இறக்கிக் கழுவ வேண்டும். மின்சாரப் பம்ப், சாவி போட்டதும் டிக் டிக் என்று அடித்து, கிண்ணம் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பெற்றோல் ஒழுகுகிறது.

இதற்குப் பிறகுதான் காபரேட்டர். அக்சிலேட்டர் தண்டை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அந்த இடைவெளியால் கள்ளக் காற்று உள்ளே போகிறது. ஐட்லிங் ஒரு நாளும் நிலைக்காததற்கு அதுவே காரணம். ஆனால் அதற்காகப் புதிது வாங்கத் தேவையில்லை. லேத்துக்காரரிடம் புஷ் அடித்து, புதுத் தண்டு போட்டால் தீர்ந்தது. உடல் வெடித்திருந்தால், பிஸ்டனை மூடியிருக்கும் மணி வடிவ மேற்கூடு உள்ளே அரித்துப்போயிருந்தால், அல்லது எப்போதோ யாரோ பொருந்தாத ஒன்றைப் பூட்டியிருந்தால் மட்டும் மேற்கொண்டு வாசியுங்கள்.

உங்கள் பொனட்டுக்குள் இருப்பது எந்த எஞ்சின்?

சிரிக்க வேண்டாம். கார் வந்த காலத்து எஞ்சினோடு இன்றைக்கும் ஓடும் மைனர்கள் குறைவு. 1948இல் வந்தது 918 சீசீ பக்க வால்வு எஞ்சின். 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098 சீசீ என்று வளர்ந்தது. ஆண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிளொக்கில் டைனமோவுக்கு மேலே அறைந்திருக்கும் தகட்டைத் துடைத்து வாசியுங்கள். "9எம்" என்று தொடங்கினால் 948, "10எம்" என்று தொடங்கினால் 1098. பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தோடும் ஒப்பிட்டுவிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் அது காபரேட்டரைவிடப் பெரிய பிரச்சினை!

அளவு: ஒரு சின்னக் கணக்கு

நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் தன் முழுக் கொள்ளளவுக்கும் காற்றை இழுக்கும். 1098 சீசீ என்றால் 1.098 லீற்றர். அது தன் முழு வலுவான 48 குதிரை சக்தியைக் கொடுப்பது நிமிடத்துக்கு 5,100 சுற்றில். 1.098ஐ 5,100ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஏறத்தாழ 2,800 லீற்றர் வரும். சிலிண்டர் முழுதாக நிரம்புவதில்லை. 80 வீதம் என்று வைத்தால் நிமிடத்துக்கு 2,240 லீற்றர் காற்று. அவ்வளவுதான் தேவை. அதற்குத் தொழிற்சாலை கொடுத்தது ஒற்றை எச்.எஸ்.2.

அந்த இலக்கத்தின் இரகசியம் தெரிந்தால் கடையில் ஏமாற மாட்டீர்கள். எஸ்.யூ. காபரேட்டரின் கடைசி இலக்கம், வாயின் அகலம் ஓர் அங்குலத்துக்கு மேல் எத்தனை அரைக்கால் அங்குலம் என்பதைச் சொல்கிறது. எச்.எஸ்.2 என்றால் ஒன்றேகால் அங்குலம். எச்.எஸ்.4 ஒன்றரை. எச்.எஸ்.6 ஒன்றேமுக்கால்.

நானும் ஒரு காலத்தில் பெரியதுதான் நல்லது என்று நினைத்தவன். 948 எஞ்சினுக்கு ஒன்றரை அங்குலத்தைப் பூட்டினேன். பூட்டித் தந்தவர், "இனிப் பறக்கும்" என்றார். பறந்தது பெற்றோல்தான். அதற்குள் இருந்த, பெற்றோலை அளந்துவிடும் ஊசி வேறொரு பெரிய எஞ்சினுக்குரியது என்பது பிறகுதான் தெரிந்தது. 2022 ஜூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்றானபோது, கழற்றிவைத்த பழைய எச்.எஸ்.2ஐத் தேடி எடுத்துப் பூட்டினேன்.

எந்தக் குடும்பம்?

எஸ்.யூ. என்பது ஸ்கின்னர் யூனியன். இங்கிலாந்தில் சப்பாத்து வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு அது. முதல் காபரேட்டரில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்தி வைத்தார்களாம். வேறு எதை வைப்பார்கள்! 1926இல் அந்தக் கம்பனியை வாங்கியவர் வில்லியம் மொரிஸ். அதனால்தான் மைனரில் எஸ்.யூ.

இதன் வேலை எளிது. எஞ்சின் கேட்கும் காற்றுக்கு ஏற்ப பிஸ்டன் உயர்கிறது. அதோடு சேர்ந்து கூரான ஊசியும் ஜெட்டிலிருந்து உயர்ந்து பெற்றோலுக்கு வழி விடுகிறது. வாய் தன்னைத்தானே அகட்டிச் சுருக்கிக்கொள்ளும். பீட்டில் கார்களில் உள்ள சொலெக்ஸ், ஆசைப்பட்டுப் பலர் கேட்கும் வெபர் ஆகியவற்றில் வாய் மாறாது. ஜெட்டுகளைத்தான் மாற்ற வேண்டும். ஆகவே அவற்றில் அளவு பிழைத்தால் தண்டனை கடுமை.

மூன்றாவது வழி, இடையில் ஒரு தகடு வெட்டி ஜப்பான் காரின் காபரேட்டரைப் பூட்டுவது. பொருள் கிடைக்கும், பாஸ்மாருக்குப் பழக்கம், காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும். ஆனால் தகடு சரியாகப் பொருந்தாவிட்டால் கள்ளக் காற்று, ஜெட்டுகளோ வேறு எஞ்சினுக்கு அளந்தவை. அன்றாடம் வேலைக்குப் போகும் காருக்குப் பாதகமில்லை. பெறுமதி காக்க வேண்டிய காருக்கு வேண்டாம்.

ஊசியும் மலையும்

காபரேட்டர் சரியாக இருந்து ஊசி பிழைத்தால் எல்லாம் பிழைத்தது. 1098 மைனருக்குரிய ஊசி "ஏஎன்". எழுத்து ஊசியின் தண்டிலேயே பொறித்திருக்கும், உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்.

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர். இங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஐந்து வீதமளவில் குறைவு. அதற்காக ஊசி மாற்ற வேண்டாம், காபரேட்டரின் அடியில் உள்ள கலவை நட்டைக் கொஞ்சம் திருப்பினால் போதும். 1,868 மீற்றரில் உள்ள நுவரெலியாவில் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. அங்கே கார் கறுப்புப் புகை விட்டால் பயப்படாதீர்கள். காற்றுத்தான் மெலிந்துவிட்டது.

வாங்கும்போது

கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போவதாக இருந்தால் பழைய காபரேட்டரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் சொன்னால் வேறொன்று வரும். முதலில் தண்டு ஆட்டம். பிறகு பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள், 'டொக்' என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். மெதுவாக வழுக்கி வந்தால் ஊசி உரசுகிறது. மேற்கூட்டையும் பிஸ்டனையும் வெவ்வேறு காபரேட்டர்களிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அவை சோடியாகவே செய்யப்பட்டவை, பிரிக்கக் கூடாது. துளைகளின் தூரம், மிதவைக் கிண்ணத்தின் சரிவு, சோக் கேபிள் பூட்டும் இடம், டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் வெற்றிடக் குழாயின் முனை எல்லாவற்றையும் பழையதோடு அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். எஸ்.யூ.க்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. விலை கூட, ஆனால் சந்தேகமில்லை.

பூட்டியபின்

புதுக் காஸ்கெட் போடுங்கள். பிஸ்டனின் டாம்பரில் 20 கிரேட் ஒயில் விடுங்கள். கலவை நட்டை முழுதாக மேலே ஏற்றி, இரண்டு முழுச் சுற்று கீழே இறக்கித் தொடங்குங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானபின் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். அணையப் போனால் குறைவு. கொஞ்சம் கூடிப் பழையபடி இறங்கினால் சரி. நட்டின் ஒரு முகத்துக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். பக்கத்தில் சிகரெட் பிடிப்பவரைத் தூரப் போகச் சொல்லுங்கள்.

பரீட்சைக்கு மாத்தளை ரோட்டைப் போல் இடம் கிடையாது. கட்டுகஸ்தோட்டை நெரிசலில் ஐட்லிங் தெரிந்துவிடும். பிறகு அலவத்துகொடை தாண்டி பலகடுவ ஏற்றத்தில் ஏற்றி, உச்சியில் நிறுத்தி ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். தேயிலைச் சாயத்தின் கபில நிறம் இருந்தால் நல்லது. கரி என்றால் நட்டை மேலே, வெள்ளை என்றால் கீழே. புகைப் பரிசோதனைக்கு அதற்குப் பிறகு போங்கள்.

கழற்றிய பழைய காபரேட்டரைப் பழைய இரும்புக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கழுவி, ஒயில் தடவி, எந்த எஞ்சினிலிருந்து கழற்றியது என்று ஒரு துண்டில் எழுதிக் கட்டி வையுங்கள். அக்குறணை ஏழாம் கட்டையில் யாரோ ஒருவர் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.