ஒண்டுக் குடித்தனத்தில் மீன்கள்

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்போர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுண்டு: "வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, எல்லாம் செத்து மிதக்கின்றன, நமக்கு மீன் ராசி இல்லை." ராசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கொளத்தூர்க் கடைகளில் பல நிற மீன்களைக் கண்டதும் ஜோடி ஜோடியாகப் பொறுக்கி வந்து ஒரே தொட்டியில் விட்டுவிடுகிறோம். எது எந்த நீரில் பிறந்தது, எவ்வளவு வளரும், எதைத் தின்னும் என்று கேட்பதில்லை. ஒண்டுக் குடித்தனத்தில் குழாயடி ஒன்றாக இருந்தாலே சண்டை வரும். நான்கு கண்ணாடிச் சுவருக்குள் கேட்கவா வேண்டும்!

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். மீனுக்கேற்ற தண்ணீரைத் தேடுவதைவிட, கிடைக்கும் தண்ணீருக்கேற்ற மீனைத் தேடுவதே வடசென்னைக்குப் பொருந்தும். நம் கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. அமேசான் காட்டு ஓடைகளின் மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீருக்குப் பழகிய நியான் டெட்ரா இத்தண்ணீரில் எப்படித் தாக்குப்பிடிக்கும்? மோலியோ மெக்சிகோ, நடு அமெரிக்கக் கடலோரங்களைச் சேர்ந்தது, உப்பங்கழியிலும் வாழக்கூடியது. கப்பி, பிளாட்டி, வாள்வால் ஆகியனவும் கடின நீரில் செழிப்பவையே. இந்நான்கும் குட்டி போடும் இனங்கள். ஒன்றையொன்று தொல்லை செய்வது குறைவு. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று விட்டால் பெண் மீன்கள் ஓயாத துரத்தலிலிருந்து தப்பும். ஈன்ற குட்டியைத் தாயே விழுங்கிவிடும் என்பதால் செடிகள் அடர்த்தியாக இருக்கட்டும். மெட்ரோ தண்ணீர் பிடிப்பவர்கள் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பிறகே ஊற்ற வேண்டும்.

தங்கமீன் குளிர்ந்த நீருக்குரியது. 20 டிகிரியை ஒட்டிய நீரே அதற்குச் சுகம். சித்திரை வெயிலில் நம் வீட்டுத் தொட்டி 30 டிகிரியைத் தாண்டும். சூடான நீரில் ஆக்சிஜனும் குறையும். போதாததற்கு அது கழிவும் மிகுதியாக விடும். அழகுக்காக வாங்கத்தான் வேண்டுமா என்று யோசிக்கலாம்.

அடுத்தது குணம். டைகர் பார்ப் பிற மீன்களின் நீண்ட துடுப்பைக் கடிக்கும்; கப்பி வாலும் ஏஞ்சல் துடுப்பும் அதற்குத் தின்பண்டம். ஆறேழாகச் சேர்த்து வளர்த்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். ஏஞ்சல் சாதுவாகத் தோன்றும். வளர்ந்ததும் வாய்க்குள் அடங்கும் சிறு மீனை விழுங்கிவிடும். தாய்லாந்துச் சண்டை மீனில் ஆண் இரண்டை ஒருங்கே விட்டால் என்ன ஆகும் என்பதைப் பெயரே சொல்லும்.

எண்ணிக்கையில்தான் பலர் சறுக்குகிறார்கள். மீன் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. 2023 டிசம்பரில் எண்ணூரில் அது கசிந்த இரவை மறவாதோருக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அமோனியாவின் நஞ்சு ஏறும். நம் தொட்டிகளில் இரண்டும் உண்டு. எனவே இரண்டடி நீளத் தொட்டியில், அதாவது சுமார் 50 லிட்டர் நீரில், தொடக்கத்தில் மூன்று நான்கு சிறு மீன்களே போதும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும் மாற்றுக. முழுவதும் கொட்டிக் கழுவினால் பாக்டீரியாவும் போய்விடும்.

"பாசி தின்னும்" என்று விரலளவில் விற்கப்படும் டேங்க் கிளீனர் ஓரடிக்கு மேல் வளரும். தொட்டி கொள்ளாமல் போனதும் அதைப் பக்கிங்காம் கால்வாயிலோ கொசஸ்தலை ஆற்றிலோ விடுவது பாவமன்னிப்பு ஆகாது. தென் அமெரிக்க மீனாகிய அது நம் நீர்நிலைகளில் பெருகி வலைகளைக் கிழிக்கிறது. காக்கா ஆழி என்னும் அயல்நாட்டுச் சிப்பி எண்ணூர்க் கழியின் அடித்தளத்தை மூடி, இறால் பிடிப்போர் பிழைப்பைக் கெடுப்பதைக் காண்கிறோமே! வேண்டாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பார்க்கலாம். சிலர் வாங்கிக்கொள்வார்கள்; காசு மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.