பிள்ளைகளோடு சினிமா பார்ப்பது

நம் மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழ்ப் படமும் பள்ளித் தோழர்களோடு மலையாளப் படமும் பார்த்து வளர்கிறார்கள். எதைக் காட்டலாம், எதைக் கூடாது என்ற கேள்வி எல்லா வீட்டிலும் உண்டு. கிறிஸ்தவக் குடும்பத் தகப்பன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

தணிக்கைச் சான்றிதழை முதலில் பார்க்க வேண்டும். ‘யு’, ‘ஏ’ இரண்டோடு 1983-இல் ‘யு/ஏ’ சேர்ந்தது. 12 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் வழிகாட்டுதல் தேவை என்பது அதன் பொருள். 2024-இல் அதை 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரித்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தீர்மானம் நம்மிடமே விடப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

திருச்சபையும் இதைப் பற்றி யோசித்திருக்கிறது. 1936-இல் போப்பாண்டவர் பதினோராம் பயஸ், படங்களைத் தரம் பிரித்து மக்களுக்கு அறிவிக்கும்படி ஆயர்களைக் கேட்டு ஒரு சுற்றுமடல் எழுதினார். சினிமாவின் நூற்றாண்டான 1995-இல் வத்திக்கான் வெளியிட்டதோ, சிறந்த படங்கள் 45-இன் பட்டியல். பக்திப் படங்களோடு ‘காந்தி’யும் அதில் இருக்கிறது. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கிறது.

நம் ஊர்ப் படம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ராஜீவ் ரவியின் ‘அன்னயும் ரசூலும்’ 2013 ஜனவரியில் வந்தது. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, வைப்பின் பக்கத்துக் கதை. டாக்சி ஓட்டும் முஸ்லிம் இளைஞன், துணிக்கடையில் வேலை செய்யும் கிறிஸ்தவப் பெண். மதம் விட்டு மதம் காதல் என்று பெற்றோர் முகம் சுளிக்கலாம். என் கவலை அதுவல்ல. கடைசியில் அன்னா உயிரை மாய்த்துக்கொள்கிறாள். படம் அழகாக இருப்பதால் அந்தச் சாவும் அழகாகத் தெரிந்துவிடும். பதினைந்து வயதில் இதைத் தனியாகப் பார்க்க விடக் கூடாது.

என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். “அன்னா ஏம்ப்பா யாருகிட்டயும் சொல்லல?” என்று கேட்டாள். உபதேசம் செய்ய நல்ல சமயம்! செய்யவில்லை. “யாருகிட்ட சொல்லியிருக்கலாம், நீயே சொல்லு” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, “அந்த வீட்டுல யாருமே இல்லப்பா” என்றாள். அவர்களும் கோயிலுக்குப் போகிற குடும்பம்தான். நம் வீட்டில் எதைச் சொல்லப் பயம் என்று அவளிடம் கேட்டேன். இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று என் கோபம். மற்றதை இங்கே எழுதுவதற்கில்லை.

அடுத்த மாதமே மணிரத்னத்தின் ‘கடல்’ வந்தது. ஊரே ஒதுக்கிய சிறுவனை ஒரு பாதிரியார் வளர்க்கிறார். பின்பு பொய்ப்பழியில் அவரே சிறைக்குப் போகிறார். சாமியார் மேல் பழி விழும் கதை பிள்ளைகளுக்கு எதற்கு என்பார்கள். பழி சுமந்த பிறகும் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதுதானே பார்க்க வேண்டியது? வெட்டுக்குத்து உண்டு, சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

இன்னொன்று. ரிமோட்டால் காட்சியை ஓட்டிவிடாதீர்கள். ஓட்டிய காட்சியைத்தான் பிள்ளைகள் மறுநாள் தேடிப் பார்க்கிறார்கள். முன்கூட்டியே ஒரு தடவை நாம் பார்த்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.